'கெஸ்ட்ரிக்' என்ற ஒரு சொல்லுக்குள்: எமது கிராமங்களில் செமியாமையும் அதன் ஆபத்துக் காரணிகளும்

எமது ஊர்களில் நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் சுகம் விசாரித்தால் அடிக்கடி காதில் விழும் வருத்தங்கள் மூன்று: சீனி, பிரஷர், கெஸ்ட்ரிக். முதலிரண்டுக்கும் கிளினிக் கொப்பி உண்டு, அளவு உண்டு, போக வேண்டிய திகதி உண்டு. மூன்றாவதற்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. அவரவரே கண்டுபிடித்து, அவரவரே பெயர் வைத்து, அவரவரே மருந்தும் எடுத்துக்கொள்ளும் வருத்தம் அது. "எனக்கு இருவது வருசமா கெஸ்ட்ரிக்" என்பவரிடம் என்ன செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். இன்னொருவர் தொப்புளுக்கு மேலே கை வைப்பார். வேறொருவர் ஏப்பத்தைச் சொல்வார். மூவருக்கும் ஒரே வருத்தம்தானா என்பது யாருக்கும் தெரியாது.

இக்கட்டுரை அம்பாறை மாவட்டத்துக் கரையோர நெற்செய்கை ஊர்களை மனதில் வைத்து எழுதப்படுகிறது. சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, இறக்காமம் என்று நீளும் இவ்வூர்களில் வேலை, சாப்பாடு, நோன்பு, விருந்து எல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. மற்றப் பிரதேச வாசகர்கள் தத்தம் ஊர் வழக்கத்தோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். எழுதுபவன் வைத்தியனல்லன், தமிழ் படிப்பிக்கிற ஆசிரியன். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

சொல்லும் பொருளும்

உண்டது கரைந்து உடம்பில் சேர்வதைப் பேச்சில் 'செமித்தல்' என்கிறோம். பாடசாலை விஞ்ஞானப் புத்தகம் 'சமிபாடு' என்கிறது. அது ஒழுங்காக நடக்காத நிலைக்குச் செமியாமை, செமியாக்குணம், அசீரணம், மந்தம் என்று எம்மிடம் பல பெயர்கள் உண்டு. வயிறு பொருமுது, நெஞ்சு எரியுது, புளிச்ச ஏப்பம் வருது, நாலு வாய் திண்டா வயிறு நிரம்புது என்று, நடப்பதை நுணுக்கமாகச் சொல்லும் வாக்கியங்களும் உண்டு. இவை எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் சொல்தான் 'கெஸ்ட்ரிக்'. இரைப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த இது ஆங்கிலத்தில் ஒரு பெயரடை. 'இரைப்பை சார்ந்த' என்பதே அதன் பொருள். இரைப்பை சார்ந்த புண்ணா, அழற்சியா, புற்றா என்று அடுத்து ஒரு பெயர் வர வேண்டும். நாம் பெயரடையோடு நிறுத்திவிட்டோம். விடுபட்ட அந்தப் பெயரைக் கண்டுபிடிப்பதுதான் வைத்தியரின் வேலை.

மருத்துவத்தில் செமியாமைக்கு 'டிஸ்பெப்சியா' என்று பெயர். மேல் வயிற்றில், அதாவது நெஞ்சுக் கூட்டுக்கும் தொப்புளுக்கும் இடைப்பட்ட பகுதியில் நோவு. அதே இடத்தில் எரிவு. சாப்பிட்ட பின் நெடுநேரம் வயிறு கனத்துக் கிடத்தல். கொஞ்சம் சாப்பிட்டதுமே நிரம்பிவிட்டது போலத் தோன்றுதல் ஆகிய நான்கும் அதன் முக்கியக் குறிகள். 2016இல் வெளியான 'ரோம் 4' என்ற சர்வதேச வரையறையும் இந்த நான்கையே முன்வைக்கிறது. அமிலம் உணவுக் குழாய் வழியே மேலேறி வருவதால் உண்டாகும் நெஞ்செரிவு வேறொரு வருத்தம். ஆனாலும் இரண்டும் ஒரே ஆளில் சேர்ந்திருப்பது சாதாரணம்.

செமியாமையோடு வருபவர்களுக்குக் கமராக் குழாய் விட்டுப் பார்த்தால் பெரும்பாலானோரின் இரைப்பையில் புண் எதுவும் இருப்பதில்லை. அதனால் அவர்கள் நடிக்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. இரைப்பை விரிந்து இடம் கொடுப்பதிலும், உணவைக் கீழே தள்ளுவதிலும், அதன் நரம்புகள் வலியை உணர்வதிலும் உள்ள குழப்பமே அவர்களின் வருத்தம். புண் உள்ள சிறுபான்மையினரோ உரிய சிகிச்சை கிடைக்காவிட்டால் இரத்தம் போய் உயிராபத்துக்கு உள்ளாகலாம். ஒரே பெயரில் இந்த இரு சாராரையும் அழைப்பதன் சிக்கல் இதுதான்.

ஆபத்துக் காரணி என்றால் என்ன?

பிந்தி விதைத்த வயலில் பூச்சித் தாக்கம் கூட என்று விவசாயிகள் சொல்வார்கள். பிந்தி விதைத்த எல்லா வயலிலும் பூச்சி விழுவதில்லை. நேரத்துக்கு விதைத்த வயலும் முற்றாகத் தப்புவதில்லை. ஆனாலும் பிந்துவது ஆபத்தைக் கூட்டுகிறது. வருத்தம் வரும் வாய்ப்பைக் கூட்டும் இப்படியான ஒன்றையே ஆபத்துக் காரணி என்கிறோம். ஒரு காரணி தனியே நின்று செய்யாததை மூன்று நான்கு காரணிகள் சேர்ந்து செய்துவிடும்.

கொச்சிக்காயின் மீது விழுந்த பழி

செமியாமை என்றதும் எல்லோரும் முதலில் குற்றஞ்சாட்டுவது கொச்சிக்காயை. உறைப்பு நாக்கில் எரிவது போலவே வயிற்றிலும் எரியும் என்பது உண்மை. கொச்சிக்காயிலுள்ள கப்சைசின் என்ற பொருள், சூட்டை உணரும் நரம்பு வாங்கிகளைத் தூண்டிவிடுகிறது. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியசின் குழு 1997இல் அந்த வாங்கியை அடையாளம் கண்டது. 2021இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் இதற்கும் பங்குண்டு. ஏற்கெனவே செமியாமை உள்ளவருக்கு உறைப்பு நோவைக் கூட்டலாம். ஆனால் இரைப்பைப் புண்ணை உண்டாக்குவது கொச்சிக்காய் அல்ல.

இதற்குத் தீபகற்ப மலேசியாவின் வடகிழக்கிலுள்ள கிளந்தான் மாநிலம் நல்ல சான்று. அங்குள்ள மலாய் முஸ்லிம்களும் எம்மைப் போலச் சோறும் உறைப்பும் உண்பவர்கள். ஆனால் அவர்களிடையே இரைப்பைப் புண்ணும் இரைப்பைப் புற்றுநோயும் குறைவு. புண்ணை உண்டாக்கும் கிருமியின் தொற்று அவர்களிடம் வழமைக்கு மாறாகக் குறைவாக இருப்பது 1990களில் ஆய்வுகள் மூலம் வெளிவந்தது. உறைப்பு இருந்தும் புண் குறைவென்றால், தேட வேண்டியது வேறிடத்தில்.

அந்தக் கிருமி

இரைப்பையில் ஒரு நாளில் ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை சாறு சுரக்கிறது. அதிலுள்ள ஐதரோகுளோரிக்கமிலம் மிகக் கடுமையானது. அதற்குள் எந்தக் கிருமியும் வாழாது என்றே மருத்துவ உலகம் நீண்ட காலம் நம்பியிருந்தது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வாரன், பெரி மார்ஷல் என்ற இரு வைத்தியர்கள் அந்த நம்பிக்கையை உடைத்தார்கள். 1982இல் இரைப்பைக் கிருமி ஒன்றை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுத்தார்கள். மற்றவர்கள் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அக்கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன. இரைப்பையில் அழற்சி உண்டானதும் சோதனையில் தெரிந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 'ஹெலிக்கோபக்டர் பைலோரி' என்பது அக்கிருமியின் பெயர். 1994இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் இதைப் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் முதற் பிரிவில் சேர்த்தது.

இக்கிருமி பெரும்பாலும் சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. நெருக்கமாக வாழும் குடும்பம், சுத்தமில்லாத தண்ணீர், மலசலகூடத்துக்குப் போய்வந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமை ஆகியன இதற்கு வழிவிடுகின்றன. தொற்றுள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாது. 100 பேரில் ஏறத்தாழ 10 முதல் 15 பேருக்கே புண் உண்டாகிறது. சுவாசப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை மூலம் இதைக் கண்டறியலாம். வைத்தியர் தரும் நுண்ணுயிர்கொல்லி மருந்துகளை வழமையாக 14 நாட்கள் விடாமல் எடுத்தால் பெரும்பாலானோருக்குக் குணமாகும். நாலு நாளில் நோவு குறைந்ததும் மருந்தை நிறுத்துவோரிடம் கிருமி தங்கிவிடும். அடுத்த முறை அதே மருந்துக்கு மசியாமலும் போகலாம்.

நோவு மாத்திரை

எமது ஊர்களைப் பொறுத்தவரை அதிகம் பேசப்படாத, ஆனால் அதிகம் கவனிக்க வேண்டிய காரணி இதுதான். பெரும்போகம், சிறுபோகம் என்று வருடத்தில் இரண்டு தடவை வட்டை வேலை. பசளை மூட்டை தூக்குவது, மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து அடிப்பது, குனிந்து புல் பிடுங்குவது. பின்னேரம் இடுப்பு நோவு, முழங்கால் நோவு. பாமசிக்குப் போய் "உடம்பு நோவுக்கு ரெண்டு தாங்க" என்றால் கடதாசியில் சுற்றி மாத்திரை வரும். பெயர் எழுதியிருக்காது. வெறும் வயிற்றில் பிளேன்டீயோடு அது இறங்கும். விடிந்ததும் நோவில்லை, வேலைக்குப் போகலாம். இப்படி மாதக்கணக்கில் விழுங்குவோர் உண்டு.

இம்மாத்திரைகளில் பல டைக்குளோபினாக், ஐபுப்ரோபன், மெபனமிக் அமிலம் ஆகிய இனத்தைச் சேர்ந்தவை. அஸ்பிரினும் இதே இனம். இவை நோவை எப்படித் தணிக்கின்றன என்பதை 1971இல் ஆங்கில விஞ்ஞானி ஜோன் வேன் விளக்கினார். உடம்பில் நோவையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியை இவை தடுக்கின்றன. ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைச் சளிப்படலத்தால் மூடிக் காப்பதற்கும் உதவுகிறது. நோவுக்கான உற்பத்தி நிற்கும்போது காவலும் குறைகிறது. அமிலம் நேரே சுவரில் படுகிறது. ஊசியாகப் போட்டாலும், மலவாயில் வைத்தாலும் மருந்து இரத்தத்தின் வழியே வந்து இதே வேலையைச் செய்யும். ஆகவே வாயால் விழுங்காவிட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் தவறு.

60 வயதைத் தாண்டியவர், முன்பு புண் இருந்தவர், கூடவே பிரெட்னிசலோன் போன்ற ஸ்டெரொயிட் எடுப்பவர், மேற்சொன்ன கிருமியும் உள்ளவர் ஆகியோருக்கு ஆபத்து பன்மடங்கு. இவர்களில் சிலருக்கு முன்கூட்டி வயிற்று நோவே வராமல், கறுத்த மலம் போவதுதான் முதல் அறிகுறியாக இருக்கும். சாதாரண உடம்பு நோவுக்குப் பரசிற்றமோல் இரைப்பைக்கு இவற்றைவிடப் பாதுகாப்பானது. ஆனால் வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஈரல் பழுதாகும். இருதயத்துக்காக வைத்தியர் எழுதித் தந்த அஸ்பிரினை இதை வாசித்துவிட்டு யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். அதை வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

வெற்றிலையும் புகையும்

சிகரெட், பீடி, சுருட்டு எதுவானாலும் உணவுக் குழாயின் அடியிலுள்ள வாயிலைத் தளர்த்தி அமிலத்தை மேலேற விடுகிறது. புண் ஆறுவதையும் தாமதப்படுத்துகிறது. புகையிலை சேர்த்த வெற்றிலையின் சாறு விழுங்கப்படும்போது இரைப்பைக்கும் போகிறது. சாப்பிட்டது செமிக்கத்தான் வெற்றிலை போடுகிறோம் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். மெல்லும்போது எச்சில் கூடுவதால் கொஞ்சம் இதமாக இருக்கலாம். ஆனால் புகையிலை இல்லாவிட்டாலும்கூடப் பாக்கு சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று அதே சர்வதேச முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியிருக்கிறது. செமிபாட்டுக்கு அது கொடுக்கத்தக்க விலையல்ல.

நேரமும் அளவும்

வட்டைக்குப் போகிறவர் சுபஹுக்குப் பிறகு ஒரு பிளேன்டீயோடு கிளம்புகிறார். பத்துப் பதினொரு மணிக்கு ரொட்டியோ பணிஸோ. பகல் சாப்பாடு பிந்துகிறது. பசி முழுவதும் இஷாவுக்குப் பிறகு இராச் சாப்பாட்டில் தீர்கிறது. பிறகு உடனே படுக்கை. பாடசாலைப் பிள்ளைகளிலும் இதே கோலம்தான். காலையில் பசியாறாமல் வந்து, இடைவேளையில் ரோல்ஸோ பட்டிஸோ வாங்கித் தின்று, மூன்றாம் பாடவேளையில் வயிற்று நோவென்று மேசையில் தலைவைத்துப் படுக்கும் பிள்ளைகளை ஆசிரியர்கள் எல்லோரும் அறிவர். நேரந்தவறிய உணவும் செமியாமையும் சேர்ந்தே காணப்படுகின்றன.

சாதாரண உணவு இரைப்பையை விட்டு நீங்க ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் பிடிக்கும். கொழுப்புக் கூடினால் இன்னும் பிந்தும். கொழுப்பு சிறுகுடலை எட்டியதும், மேலே உள்ளதை மெதுவாக அனுப்பு என்று இரைப்பைக்குச் செய்தி போகிறது. வலீமாவிலும் கந்தூரியிலும் சஹனைச் சுற்றி இருந்து நெய்ச்சோறும் இறைச்சியும் வட்டிலப்பமும் உண்டு எழுந்த பிறகு வயிறு கல்லாகக் கிடப்பதன் காரணம் இதுதான். அதன் மேல் ஊற்றும் குளிர்ந்த சோடா வாயுவைக் கூட்டுமே தவிரச் செமிக்கச் செய்யாது.

நோன்பு காலத்தில் இந்தக் காரணிகள் ஒன்றுசேர்கின்றன. எமது நாட்டில் நோன்பு 13 மணித்தியாலத்துக்கும் கூடுதலானது. நல்ல தேகாரோக்கியம் உள்ளவரின் இரைப்பை அதைத் தாங்கும். கஷ்டம் வருவது நோன்பினால் அல்ல; பேரீச்சம்பழமும் தண்ணீரும் கஞ்சியும் போதாதென்று சமோசா, கட்லட், ரோல்ஸ் என எண்ணெய்ப் பண்டங்களை ஒரே அமர்வில் நிரப்புவதாலும், ஸஹர் செய்த கையோடு சுபஹ் தொழுதுவிட்டுப் படுப்பதாலும்தான். வயிற்றை மூன்று பங்காக்கி, உணவுக்கு ஒன்று, பானத்துக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று என வைக்கச் சொன்ன நபிமொழியை நாம் மிம்பரில் கேட்கிறோம். அதைச் சஹனுக்கும் கொண்டுபோக வேண்டும். திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும், முன்னர் உண்டது செமித்ததை அறிந்து அளவோடு உண்பதையே திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறது. புண் இருப்பது உறுதியானவர்கள் நோன்புக்கு முன்பே வைத்தியரைக் கண்டு கேட்டுக்கொள்வது கடமை. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை வெட்கமாக எண்ண வேண்டியதில்லை.

சீனியும் கவலையும்

நீண்ட காலச் சீனி வருத்தம் இரைப்பையை இயக்கும் நரம்பைப் பாதிக்கிறது. உணவு கீழிறங்காமல் தேங்கி, வயிறு பொருமி, வாந்தியும் வரலாம். சீனிக்குத் தரும் மெட்போமின் மாத்திரையும் சிலருக்கு வயிற்றைக் குழப்பும். அதைச் சாப்பாட்டோடு எடுத்தால் பெரும்பாலும் குறையும். இரும்புச்சத்து மாத்திரையும் இப்படியே.

மூளையும் குடலும் நரம்பு வழியே இடைவிடாமல் பேசிக்கொள்கின்றன. மனப்பதற்றமும் மனச்சோர்வும் செமியாமையின் உறுதியான ஆபத்துக் காரணிகள். வெள்ளத்தில் போன விளைச்சல், அடகில் கிடக்கும் நகை, மகளின் கலியாணத்துக்கு எழுப்ப வேண்டிய வீடு, வெளிநாட்டில் இருக்கும் கணவன். எமது பெண்களில் பலர் இந்தக் கவலைகளை வாயால் சொல்வதில்லை. வயிறு சொல்கிறது. "ஒண்டும் இல்ல, கெஸ்ட்ரிக்தான்" என்ற பதிலுக்குள் இரண்டு வருத்தங்கள் ஒளிந்திருக்கலாம்.

'கெஸ்ட்ரிக்' என்று விட்டுவிடக் கூடாத நேரங்கள்

மாரடைப்பு சிலருக்கு நெஞ்சு நோவாக வராது. மேல் வயிற்று எரிவாக, குமட்டலாக, ஏப்பமாக வரும். சீனி உள்ளவர்களிலும் பெண்களிலும் வயோதிபர்களிலும் இது கூடுதல். வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால், நோவு தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவினால், ஓம வோட்டரையும் இஞ்சித் தேத்தண்ணியையும் தேடி நேரம் கடத்தக் கூடாது. அமிலந்தணிக்கும் மருந்து குடித்ததும் கொஞ்சம் சுகமாக இருந்தது என்பது இருதயத்தில் பிழையில்லை என்பதற்குச் சான்றல்ல. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

பின்வருவன இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்: காரணமின்றி உடம்பு மெலிதல், விழுங்கக் கஷ்டம், ஓயாத வாந்தி, இரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், இரத்தச்சோகை, வயிற்றில் கட்டி, குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய். 55 வயதுக்குப் பிறகு முதன்முதலாகச் செமியாமை தொடங்குவதும் இதில் அடங்கும். கறுத்த மலம் இரும்புச்சத்து மாத்திரையாலும் வரும். அதைத் தீர்மானிப்பது வைத்தியர்.

செய்யக்கூடியவை

ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகள் நல்ல மருந்துகளே. காலையில் சாப்பிடுவதற்கு அரை மணித்தியாலம் முன்பு எடுத்தால்தான் அவை சரியாக வேலை செய்யும். ஆனால் வருடக்கணக்கில் தாமாக வாங்கி விழுங்கினால் உள்ளே இருக்கும் புண்ணையோ புற்றையோ அவை மூடி மறைத்துவிடலாம். கிருமிப் பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம் அவற்றை நிறுத்த வேண்டியிருப்பதால், எடுத்துக்கொண்டிருப்பதை வைத்தியரிடம் சொல்வதும் அவசியம். அப்பச்சோடாவைக் கரைத்துக் குடிப்பது பிரஷர் உள்ளவருக்கு உப்பைக் கூட்டும்.

இராச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் இரண்டு மூன்று மணித்தியாலம் விடுதல், பெரிய சாப்பாடு ஒன்றை இரண்டாகப் பிரித்தல், பிள்ளைகளைப் பசியாறவிட்டுப் பாடசாலைக்கு அனுப்புதல், புகையை விடுதல் ஆகியன செலவில்லாத காரியங்கள். பள்ளிவாசல் நிருவாகங்களும் விவசாய அமைப்புகளும் விதைப்புக் காலத்துக்கு முன் ஒரு வைத்தியரை அழைத்து நோவு மாத்திரை பற்றி ஒரு மணித்தியாலம் பேசவைத்தால், அது ஒரு மருத்துவ முகாமுக்குச் சமன்.

வைத்தியரிடம் போகும்போது 'கெஸ்ட்ரிக்' என்ற சொல்லை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். எந்த இடத்தில், சாப்பிட முன்னா பின்னா, எரிவா நோவா பொருமலா, எத்தனை மாதமாக என்று எமது சொந்தச் சொற்களில் சொன்னால் போதும். வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை உறைகளையும், பெயரில்லாத கடதாசிச் சுற்றுகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பல வருத்தங்களின் விடை அந்தப் பைக்குள்ளேயே இருக்கக்கூடும்.